மெக்சிகோவின் துணை நடிகைப் பரிசு

கதாநாயகிக்குக் கைதட்டுகிறோம், பக்கத்தில் நின்றவளை யார் நினைக்கிறார்கள்? மெக்சிகோவில் நினைக்கிறார்கள். 1946இல் தோன்றிய அந்நாட்டுத் திரைப்படக் கலைக்கழகம் வழங்கும் ‘ஏரியல்’ பரிசுகளில் துணை நடிகைக்கும் ஒன்று உண்டு.

லூயி புனுவல் இயக்கிய ‘எல் புரூட்டோ’ படத்துக்காக, 1954இல் கேட்டி ஹுராடோ அதைப் பெற்றார். ‘எல் புரூட்டோ’ என்றால் முரடன். ஏழைக் குடித்தனக்காரர்களை விரட்ட முரடன் ஒருவனை ஏவும் வீட்டுக்காரரின் மனைவி பலோமாவாக அவர் நடித்தார். பலோமா அம்முரடனையே விரும்புகிறாள். அவன் வேறொருத்தியை நாடியதும் பொறாமையால் கணவனிடம் பொய் சொல்கிறாள். அப்பொய் கணவனின் உயிரைக் குடிக்கிறது. அவனைக் கொன்ற முரடனும் பிழைப்பதில்லை. பலோமாவை நீக்கினால் கதையேது? இதைத் ‘துணை’ வேடம் என்பது எனக்கு உடன்பாடில்லை. வேதியியல் மாணவனான என் கண்ணுக்கு அவள் வினையூக்கியல்லள், வினைபடு பொருளே!

ஹாலிவுட்டிலும் ஹுராடோவுக்குத் துணை வேடங்களே. ‘ஹை நூன்’ படத்துக்குக் கோல்டன் குளோப் பெற்றார். 1954இல் வெளிவந்த ‘புரோக்கன் லான்ஸ்’ படத்துக்காக ஆஸ்கார் பரிந்துரையும் வந்தது.

1959 முதல் 1971 வரை ஏரியல் வழங்கப்படவில்லை. 1972இல் மீண்டும் தொடங்கியது. ஹுராடோ சிறந்த நடிகைக்கான ஏரியலையும் பின்னர் வென்றார். எனினும் 1999இல், எழுபத்தைந்தாம் வயதில், ஆர்ட்டுரோ ரிப்ஸ்டீனின் படமொன்றுக்காக அவர் கைக்கு வந்தது அதே துணை நடிகைப் பரிசுதான்.