சூடேறும் லெப்டொப்பும் ஒரு வரவு செலவுக் கணக்கும்

மருதமுனையில் கைத்தறிச் சாரனும் புடவையும் மொத்தமாக விற்கும் நண்பர் ஒருவர், ஒருநாள் லுஹருக்குப் பிறகு தனது லெப்டொப்பைத் துவாயொன்றில் சுற்றிக்கொண்டு நமது கடைக்கு வந்தார். "லினக்ஸ் போட்ட நாளிலிருந்து இது அடுப்பு மாதிரிக் கொதிக்குது காக்கா. மூணு தரம் தானா நிண்டு போயிட்டு" என்றார். மூன்றாவது தரம் நின்றது, அன்றைய கடன் கணக்கைப் பதிந்துகொண்டிருந்தபோது. பதிந்ததெல்லாம் போய்விட்டது. கடன் வாங்கிய சில்லறைக் கடைக்காரர்களிடமே போய், "நான் உங்களுக்கு எவ்வளவுக்குச் சாமான் தந்தேன்?" என்று கேட்கும் நிலை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே (அல்பகரா 282) அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். அந்த எழுத்தை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால், அந்த இயந்திரத்தின் ஆரோக்கியமும் நமது பொறுப்பாகிவிடுகிறது.

நண்பர் லினக்ஸுக்கு மாறியதற்குக் காரணம் இருந்தது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. அவருடைய பழைய இயந்திரம் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளுக்குள் வரவில்லை. திருட்டுப் பிரதி போட்டுக்கொள்ள அவர் மனம் இடம் தரவில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை மருமகன் போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் சூடு தொடங்கியது. திருத்துமிடம் ஒன்றில் காட்டியபோது, "லினக்ஸ் என்றால் இப்படித்தான், புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்றைய விலையில் புதிய லெப்டொப் என்பது சிறு வியாபாரிக்குப் பெரிய முதல். ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் பார்ப்போம் என்று அவரை உட்கார வைத்தேன்.

கணினிக்குள் போகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியே வருகிறது. பல சாதாரண லெப்டொப்களின் சார்ஜரில் 65 வாட் என்று எழுதியிருக்கும். முன்பு நாம் பாவித்த 60 வாட் குண்டு பல்பை எரியும்போது கையால் தொட முடியுமா? முழு வேலையில் இருக்கும் லெப்டொப்பும் அந்த அளவு மின்சாரத்தைத்தான் ஒரு கொப்பியளவு பெட்டிக்குள் வைத்துச் சமாளிக்கிறது. வேலை செய்யச் செய்ய வெப்பம் வருவது வரவுப் பக்கம். செப்புக் குழாயும், தகடுகளும், சின்ன விசிறியும் அதை வெளியேற்றுவது செலவுப் பக்கம். சூடு ஏறுகிறது என்றால் ஒன்றில் வரவு கூடியிருக்கிறது, அல்லது செலவு தடைப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் என்று பார்க்காமல் லினக்ஸைத் திட்டுவது, பேரேட்டைத் திறக்காமலே கணக்கப்பிள்ளையைச் சந்தேகிப்பது போன்றது.

முதலில் அளவு. லினக்ஸில் இதற்கென்று "எல்எம் சென்சர்ஸ்" என்ற இலவச மென்பொருள் உண்டு. அதை நிறுவிய பின் டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, "சென்சர்ஸ்" என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டினால் புரொசசரின் சூடு பாகையில் வரும். நமது கரையோரத்தில் பகலில் அறையின் சூடே 30 பாகையைத் தாண்டும். எனவே சும்மா இருக்கும்போது 45 முதல் 60 வரை காட்டினால் பயப்பட வேண்டாம். பாரமான வேலையில் 80ஐத் தாண்டுவதும் உண்டு. பெரும்பாலான இன்டெல் புரொசசர்கள் 100 பாகையை அண்மிக்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். "லினக்ஸ் மந்தம்" என்று சிலர் குறைபடுவது உண்மையில் இந்த வேகக் குறைப்பாக இருக்கலாம். அதையும் மீறிச் சூடேறினால் இயந்திரம் தானே அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருந்ததைச் சேமிக்க அது காத்திருக்காது.

நண்பரின் இயந்திரம் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே 91 பாகை காட்டியது.

அடுத்து "சிஸ்டம் மொனிட்டர்" என்பதைத் திறந்து, எந்த வேலை புரொசசரை எத்தனை சதவீதம் தின்கிறது என்று பார்த்தோம். காலையில் திறந்த செய்தி வீடியோ ஒன்று பிரவுசரின் பின்பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. பழைய இயந்திரங்களில் லினக்ஸ் பிரவுசர் வீடியோ வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்காமல் புரொசசரின் தலையிலேயே கட்டிவிடுவது உண்டு. அதை மூடினோம். 91 என்பது 78 ஆனது. நல்லதுதான், ஆனால் இன்னும் கூடுதல். வரவு குறைந்த பிறகும் கையிருப்பு குறையவில்லை என்றால் செலவுப் பக்கம் அடைபட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடி மூடியைத் திறந்து, பட்டரியின் இணைப்பையும் கழற்றினோம். விசிறிக்கும் தகட்டுக்கும் இடையில் கம்பளித் துண்டு போல ஒரு படலம். உரித்தால் முழுதாக வந்தது. கைத்தறி நூலின் பஞ்சு! மூன்று வருடமாக அந்த விசிறி புடவைக் கடையின் காற்றை உறிஞ்சி, பஞ்சையெல்லாம் அந்தத் தகட்டில் வடித்து வைத்திருக்கிறது. நம் பகுதியில் தொழிலுக்குத் தொழில் தூசு வேறு. நெல் ஆலைக்காரருக்கு உமித்தூசு, ஹார்ட்வெயார் கடைக்குச் சீமெந்துத் தூள், கடற்கரையை அண்டிய கடைகளுக்கு உப்புக் காற்றின் ஈரம். ஈரமும் தூசும் சேர்ந்தால் களியாகி ஒட்டிவிடும். அது ஊதினால் போகாது, மெல்லிய தூரிகையால்தான் எடுக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று அடித்து அதை வேகமாகச் சுழல விட்டால் அதன் அச்சு பழுதாகலாம். டயர் கடைக் கொம்பிரசரை இதற்குப் பாவிக்க வேண்டாம், அதில் தண்ணீர்த் துளியும் சேர்ந்து வரும். புரொசசருக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் பூசியிருக்கும் வெப்பப் பசையும் சில வருடங்களில் காய்ந்துவிடும். பழையதைத் துடைத்துவிட்டு ஒரு பயறளவு புதிது வைத்தால் போதும். இதில் கை நடுங்குகிறவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. திறந்த நேரத்தில் பட்டரி உப்பியிருக்கக் கண்டால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. இயந்திரத்தைப் பாவிப்பதை நிறுத்திப் பட்டரியை மாற்ற வேண்டும்.

இதற்காக லினக்ஸின் மேல் ஒருபோதும் தவறில்லை என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. 2011இல் வெளியான லினக்ஸ் கேர்னல் 2.6.38 பதிப்பில் பல லெப்டொப்கள் முன்னையதை விடக் கூடுதலாக மின்சாரம் குடிக்கத் தொடங்கின. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04 அந்தக் கேர்னலில்தான் ஓடியது. போரோனிக்ஸ் என்ற இணையத்தளத்தின் மைக்கேல் லாராபெல் பதிப்புப் பதிப்பாக அளந்து அதைக் கண்டுபிடித்தார். உள்பாகங்களுக்கு இடையிலான இணைப்பை ஓய்வு நேரத்தில் உறங்க வைக்கும் ஒரு வசதி உண்டு. சில தயாரிப்பாளர்களின் பயோஸ், "இந்த இயந்திரத்தில் அது இல்லை" என்று பிழையாகச் சொல்லியது. லினக்ஸ் அந்தச் சொல்லை நம்பி, ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்த சேமிப்பையும் நிறுத்திவிட்டது. பயோஸ் வைத்தபடியே விட்டுவிடும் திருத்தத்தை மெத்யூ காரெட் என்பவர் அந்த ஆண்டின் நவம்பரில் எழுதினார். பிழையான சிட்டையை நம்பிக் கணக்கு மூடிய கதைதான்.

இன்னொன்று 2012இல் நடந்தது. ஜூன் 30ஆம் திகதி நள்ளிரவு உலக நேரத்தில் ஒரு செக்கன் கூட்டப்பட்டது. அந்த ஒரு செக்கனில் லினக்ஸின் நேரக் கணக்குக் குழம்பி, ஏராளமான சேர்வர்கள் ஒரு வேலையும் இல்லாமல் முழு வேகத்தில் சுழன்றன. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனத்தில் மட்டும் மின்பாவனை ஏறத்தாழ 1 மெகாவாட் கூடியது. திகதியை மறுபடி ஒரு தரம் அமைத்ததும் அடங்கிவிட்டது. வெறுமனே சுழலும் மென்பொருளும் உண்மையான மின்கட்டணம் தரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

இன்றைக்கு லினக்ஸில் அதிகம் காண்கிற வரவுப் பக்கக் குறை, இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள இயந்திரங்களில்தான். இன்டெலுடன் என்விடியாவும் இருந்தால், சரியான டிரைவர் இல்லாதபோது என்விடியா சிப் வேலையில்லாமலும் விழித்திருந்து சூடாக்கும். மின்டில் "டிரைவர் மெனேஜர்" மூலம் உரிய டிரைவரைப் போட்டு, என்விடியாவின் அமைப்பில் இன்டெலை மட்டும் பாவிக்கும் சிக்கனத் தெரிவை வைத்துக்கொள்ளலாம். கணக்கும் கடிதமும் எழுதுகிற நமக்கு அந்த இரண்டாவது சிப் தேவையே இல்லை. "டிஎல்பி" என்ற சிக்கன மென்பொருளும் நல்லது. ஆனால் உங்கள் இயங்குதளத்தில் "பவர் புரொபைல்ஸ்" என்ற சேவை ஏற்கனவே இருந்தால் இரண்டையும் சேர்த்து ஓட விடாதீர்கள். ஒரு கடைக்கு இரண்டு முதலாளி இருந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? ஒன்று போதும்.

வைக்கும் இடமும் கவனிக்க வேண்டியது. புடவைக் கட்டின் மேலும், மெத்தையிலும், மடியிலும் வைத்தால் அடியிலுள்ள காற்று வழி அடைபட்டுவிடும். பின்பக்கம் இரண்டு சோடாப் போத்தல் மூடிகளை வைத்து உயர்த்தினாலே சில பாகை குறைவதைச் சென்சர்ஸ் காட்டும். காசு கொடுத்துக் குளிர்விக்கும் பலகை வாங்குமுன் மூடியைச் சோதித்துப் பாருங்கள்.

பஞ்சை எடுத்து, பசை மாற்றி, மூடிகளின் மேல் வைத்துத் திரும்ப ஓட்டியபோது நண்பரின் இயந்திரம் 54 பாகையில் நின்றது. பசைக்கும் தூரிகைக்கும் போன செலவு புதிய லெப்டொப்பின் விலைக்குப் பக்கத்திலும் வராது. இப்போது அவர் தினமும் அஸருக்குப் போகுமுன் கணக்குக் கோப்பின் ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்து லாச்சிக்குள் வைக்கிறார். அடுத்த சுத்தம், இன்ஷா அல்லாஹ், ஹஜ்ஜுப் பெருநாள் வியாபாரம் தொடங்குவதற்கு முதல் வாரம் என்று கலண்டரில் சிவப்பு மையால் குறித்திருக்கிறார். அந்தக் கடையின் இன்னொரு லெப்டொப்பை இன்னும் திறக்கவில்லை. அது விண்டோஸில் ஓடுகிறது, அதற்குள்ளும் அதே பஞ்சுதான் இருக்கும்.