காடி ஸ்பீக்கரில் இரைச்சலா? முதலில் காது, பிறகு காசு

பிறையிலிருந்து தீவுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குப் பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரும் காலை நெரிசலில் ஊர்ந்துதான் கழியும். அந்த நேரத்துக்குத் துணை மின்னல் எஃப்எம்மும் ராகாவும். பாட்டுக்கு அடியில் ‘ஊய்ங்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தத் துணையும் தொல்லையாகிவிடும். உடனே புது ஸ்பீக்கர், புது ஆம்ப்ளிஃபையர் என்று கடைக்கு ஓடுகிறோம். பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் குற்றமே இருக்காது. சுற்றிலும் கடல், உப்புக் காற்று, நினைத்தால் மழை என்று இருக்கும் ஜார்ஜ் டவுனில் முதலில் சந்தேகப்பட வேண்டியது களிம்பேறிய வயர் முனைகளையும் எர்த் போல்ட்டையும்தான். வீட்டிலேயே ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்பெனர், ஒரு துண்டு உப்புத்தாள் இருந்தால் பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம்.

1. இரைச்சல் எப்படி ஒலிக்கிறது என்று கேளுங்கள். காடியைத் திறந்த வெளியில், அமைதியான இடத்தில் நிறுத்துங்கள். அடைத்த போர்ச்சில் எஞ்சினை ஓடவிட வேண்டாம், புகை உயிரைக் குடிக்கும். முதலில் எஞ்சினைப் போடாமல் சாவியை ‘ஏசிசி’க்கு மட்டும் திருப்பி ரேடியோவைக் கேளுங்கள். பிறகு எஞ்சினைப் போட்டு எண்ணெயை மெல்ல மிதியுங்கள். மிதிக்க மிதிக்க ஏறி, விட்டால் இறங்கும் ‘ஊய்ங்’ ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. நெருக்கமாகிக்கொண்டே போகும் ‘டிக் டிக்’ ஸ்பார்க் பிளக் பக்கத்துச் சத்தம். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாறாத ‘ஸ்ஸ்ஸ்’ என்றால் ஆம்ப்ளிஃபையரின் கெயினைப் பாருங்கள் (9ஆம் குறிப்பு). பாஸ் விழும்போது மட்டும் ‘கடகட’ என்றால் அது மின்சாரக் கோளாறே அல்ல, கதவுப் பலகை. அடுத்து ஏர்கோன் காற்றாடி, வைப்பர், சிக்னல், லைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்திப் பாருங்கள். எதைப் போட்டால் இரைச்சல் வருகிறதோ அதன் வயரிலிருந்து தேடத் தொடங்கலாம்.

2. வால்யூமைத் திருகிப் பாருங்கள். பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் கூடிக் குறைந்தால், அது ரேடியோவுக்குள்ளோ அதற்கு முன்னாலோ நுழைகிறது. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகும் அதே அளவில் இரைந்தால், ரேடியோவைத் தாண்டி ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வழியில் நுழைகிறது. இந்த ஒரு சோதனையே தேட வேண்டிய இடத்தைப் பாதியாக்கிவிடும். செய்யாமல் எதையும் கழற்றாதீர்கள்.

3. எஃப்எம்மில் மட்டும் வருகிறதா, புளூடூத்திலும் வருகிறதா என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். எஃப்எம்மில் மட்டும் என்றால் நேரே 11ஆம் குறிப்புக்குப் போங்கள்.

4. கைப்பேசி சார்ஜரைப் பிடுங்குங்கள். லைட்டர் சாக்கெட்டில் செருகும் மலிவான சார்ஜர்கள் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகின்றன. அந்த வெட்டல் ஸ்பீக்கரில் கீச்சொலியாகக் கேட்கும். அதே கைப்பேசியை ஆக்ஸ் வயரிலும் மாட்டியிருந்தால் எர்த்துக்கு இரண்டு பாதை உண்டாகி, இரைச்சல் அந்த வளையத்தில் சுற்றும். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் வேலை முடிந்தது. நல்ல சார்ஜர் வாங்குங்கள், இல்லையென்றால் புளூடூத்தில் பாட்டுக் கேளுங்கள். ஆக்ஸ் வயர்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு அதில் மாட்டும் சிறிய ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ உண்டு. உள்ளே இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். விலை அதிகமில்லை.

5. பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் அளந்து பாருங்கள். எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆன நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டலாம். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய காடிகளில் இது கொஞ்சம் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே இரண்டு முனைகளில் வையுங்கள். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது ஏசி, உள்ளே இருக்கும் டயோடுகள்தான் அதை டிசியாக்குகின்றன. டயோடு ஒன்று போய்விட்டால் ஏசி கசியும். நல்ல நிலையில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டை எட்டினால் இரைச்சலை மறந்துவிட்டு முதலில் ஆல்டர்னேட்டரைப் பழுது பாருங்கள், இல்லையென்றால் ஒரு நாள் காடி நடுப்பாலத்தில் நிற்கும். ஒரு எச்சரிக்கை: சில மலிவு மீட்டர்கள் ஏசி அளவில் டிசியையும் சேர்த்துக் காட்டும். முனைகளை மாற்றி வைக்கும்போது எண் தாறுமாறாக மாறினால் அந்த மீட்டரை நம்பாதீர்கள்.

6. எர்த் போல்ட்டைக் கண்ணால் பாருங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தனி ஆம்ப்ளிஃபையர் வைத்த காடிகளில் அதன் கறுப்பு வயர் பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலோ பின் பூட்டிலோ ஒரு போல்ட்டில் முடியும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் அப்படியே பளபளக்கும். வாஷருக்கும் தகட்டுக்கும் நடுவில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வயரின் உறையை ஓரங்குலம் சீவினால் செம்பு செம்பாக இராது, கரி பூசியது போலக் கறுத்திருக்கும். அந்த முனை வழியாக மின்சாரம் முக்கி முனகித்தான் போகும். முக்குவது இரைச்சலாகக் கேட்கும்.

செய்ய வேண்டியது இது. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். போல்ட்டைச் சுற்றி ஒரு ஐம்பது காசு அகலத்துக்குப் பெயிண்ட்டை வெள்ளைத் தகடு தெரியும்வரை தேயுங்கள். கறுத்த செம்பை வெட்டி எறிந்து, புது வளைய முனை போட்டு அழுத்தி, இறுக்கி முடுக்குங்கள். அதன் பிறகு மேலே கிரீஸ் பூசி ஈரம் நுழையாமல் மூடுங்கள். பூசிவிட்டு முடுக்கக் கூடாது. எர்த் வயர் 45 சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டாம். தடிமன் சிவப்பு வயருக்குச் சமமாக இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுப்பதை அறவே தவிர்க்கவும், அது உயிரைக் காக்க வைத்த போல்ட். சரியாக அமைந்ததா என்று தெரிய, பாட்டை உரக்க வைத்து ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் டிசி வோல்ட் பாருங்கள். 0.1க்குள் இருந்தால் நிம்மதி.

7. ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரைக் கழற்றிச் சோதியுங்கள். ரேடியோவை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் செருகியிருக்கும் சிவப்பு வெள்ளை முனைகளைப் பிடுங்கி, பிறகு ரேடியோவைப் போடுங்கள். இரைச்சல் நின்றால் அது ஆர்சிஏ வழியாகத்தான் வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் பவர், எர்த், ஸ்பீக்கர் வயர் ஆகிய மூன்றில் ஒன்று. இந்த முனைகளை மின்சாரம் இருக்கும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது. சில ரேடியோக்களில் ஆர்சிஏ எர்த்துக்கு மயிரிழை போன்ற ஒரு ஃபியூஸ் உள்ளே உண்டு, அப்போது அது எரிந்துபோகும். எரிந்துவிட்டால் அன்றிலிருந்து ‘ஊய்ங்’ விடாது. சந்தேகம் இருந்தால் ஒரு வயர்த் துண்டால் ஆர்சிஏ முனையின் வெளி வளையத்தையும் ரேடியோவின் உலோக உடலையும் தொட்டுப் பாருங்கள். தொட்ட நொடியில் சத்தம் அடங்கினால் நோய் அதுதான்.

8. பவர் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறு பக்கம் போகட்டும். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிக் கதவோரமாக இழுத்தால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறும். கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கட்டும். பவர் வயரில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். அது இரைச்சலுக்காக அல்ல, காடி தீப்பிடிக்காமல் இருக்க.

9. கெயின் என்பது வால்யூம் அல்ல. ஆம்ப்ளிஃபையரில் அந்தத் திருகை முழுக்கத் திருப்பி வைத்தால் பாட்டு இல்லாத இடைவெளியிலும் ‘ஸ்ஸ்ஸ்’ கேட்டுக்கொண்டே இருக்கும். கெயினை முழுக்கக் குறைத்து, ரேடியோ வால்யூமை முக்கால் அளவுக்கு வைத்து, தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கெயினை மெல்ல ஏற்றுங்கள். நாதஸ்வரமோ வயலினோ இருக்கும் பாட்டு நல்லது, பிசிறு உடனே தெரியும். பிசிறு தட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கி விட்டுவிடுங்கள்.

10. பழைய புரோட்டோன் சாகா, காஞ்சில் வைத்திருப்பவர்களுக்கு: ‘டிக் டிக்’ வந்தால் பிளக்கையும் பிளக் கேபிளையும் பாருங்கள். இரைச்சலை அடக்கவென்றே உள்ளே மின்தடை வைத்த பிளக்குகள் உண்டு, என்ஜிகே பிளக் எண்ணில் ‘ஆர்’ என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. இரவில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், வெடித்த கேபிளில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையால் தொடாதீர்கள்.

11. எஃப்எம்மில் மட்டும் கரகரத்தால் சந்தேகம் ஆன்டெனா மேல். ஒரிஜினல் ரேடியோவைக் கழற்றி ஆண்ட்ராய்டு பிளேயர் போட்ட பிறகுதான் ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லை என்பது இங்கே அடிக்கடி கேட்கும் புகார். பல காடிகளில் ஆன்டெனாவுக்கு ஒரு பூஸ்டர் இருக்கும், அதற்கு ரேடியோவிலிருந்து 12 வோல்ட் போக வேண்டும். புது பிளேயரில் அந்த வயரை, வழக்கமாக நீல வயரை, மாட்டாமல் விட்டால் பூஸ்டர் தூங்கிக்கொண்டிருக்கும். சுறாத் துடுப்பு போன்ற அழகு ஆன்டெனாக்களில் மலிவானவை பல, குச்சி ஆன்டெனா எடுத்ததில் பாதிகூட எடுக்காது. ஆன்டெனா அடியில் துரு இருந்தால் தேய்த்துவிடுங்கள். டேஷ்கேமைப் பிடுங்கியோ மலிவு எல்ஈடி ஹெட்லைட்டை அணைத்தோ பார்த்துச் சத்தம் நின்றால், அந்த வயரில் கவ்வும் ஃபெரைட் வளையம் மாட்டலாம். வட மாநிலங்களுக்கான ஒலிபரப்புக் கோபுரங்களில் ஒன்று குனோங் ஜெராயில், பழைய கடாரத்து மலையில், இருக்கிறது. பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதையில் மலை மறைக்கும் வளைவுகளில் கரகரப்பது காடியின் குற்றமல்ல.

12. இனி ஸ்பீக்கர். பேலன்ஸ், ஃபேடரைத் திருப்பி எந்த மூலையில் கரகரப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பீக்கரைக் கழற்றி, வயரை விடுவித்து மீட்டரால் அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று சொச்சம் காட்டும். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது. விரல்களைக் கூம்பின் மேல் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். ‘சரக் சரக்’ என்று உரசினால் காயில் நகர்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். பாஸ் மட்டும் மெலிந்து ஒலித்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கரின் வயர் தலைகீழாக இருக்கலாம். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸில் தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும்.

13. கதவு படபடத்தால் இடத்தைக் கையால் தேடுங்கள். பாஸ் மிகுந்த பாட்டைப் போட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பலகையின் ஒவ்வொரு பகுதியாக அழுத்த வேண்டும். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கே கிளிப் உடைந்திருக்கும், அல்லது உள்ளே வயர் ஆடும். துணி டேப், ஃபோம் டேப் போதும். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு, அது அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். சத்தம் அடக்கும் பாய் ஒட்டுகிறேன் என்று அந்தத் துளைகளை அடைத்தால், நம் ஊர் மழைக்குக் கதவு தண்ணீர்த் தொட்டியாகி ஸ்பீக்கர் ஊறிப்போகும். பலகையைக் கழற்றும்போது உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் கிழிக்காமல் திரும்ப ஒட்டுங்கள்.

14. மஞ்சள் சாக்கெட்டைத் தொடாதீர்கள், அது ஏர்பேக். ஹைபிரிட் காடிகளில் ஆரஞ்சு வயர் உயர்மின்சாரம், அதன் பக்கமே போக வேண்டாம்.

15. பழைய காடி வாங்குகிறவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2017 நவம்பர் 4 இரவு தொடங்கிய பெருமழையில் பினாங்கில் எத்தனையோ காடிகள் தண்ணீரில் மூழ்கின. அப்படி நனைந்த காடியில் வெளியே எல்லாம் மினுங்கும். சீட்டுத் தண்டவாளத்தில் துரு, சாக்கெட்டுக்குள் சேற்றுத் தூள், எர்த் முனையில் களிம்பு ஆகியவை உண்மையைச் சொல்லும். இன்று ஸ்பீக்கரில் இரைச்சல், நாளை கம்ப்யூட்டரில் கோளாறு என்று வரிசையாக வரும். லோரோங் கூலிட் சந்தையில் பழைய ரேடியோவோ ஆர்சிஏ வயரோ வாங்கினாலும் முனைகளைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

16. நாய்ஸ் ஃபில்டர் கடைசி. பவர் வயரில் மாட்டும் ஃபில்டரை முதலிலேயே விற்கப் பார்ப்பார்கள். கெட்ட எர்த்தை அது சரிசெய்யாது. எர்த், ஆல்டர்னேட்டர், வயர் பாதை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும் மிச்சச் சத்தம் இருந்தால் மாட்டுங்கள்.

17. வயர்மேனிடம் போனால் “சத்தம் வருது அண்ணே” என்று மட்டும் சொல்லாதீர்கள். “எண்ணெய் மிதிச்சா ஏறுது, வால்யூமைக் குறைச்சாலும் குறையல, ஆர்சிஏவைப் பிடுங்கினா நிக்குது” என்று சொல்லுங்கள். அரை நாள் வேலை அரை மணியில் முடியும், கூலியும் குறையும். காடியின் ஒரிஜினல் சாக்கெட்டை வெட்ட வேண்டாம், அடாப்டர் சாக்கெட் வாங்கிப் போடச் சொல்லுங்கள். வாரண்டி முடியாத காடிக்கு இது கட்டாயம். பணம் கொடுக்கும் முன் எஞ்சினைப் போட்டு, ஏர்கோனும் லைட்டும் போட்டு, எண்ணெய் மிதித்து நீங்களே ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.