மாடியில் கோழியும் புறாவும்

சால்ட் லேக்கில் குடியிருக்கும் நம்மவர்களில் மொட்டை மாடியில் நான்கு கோழி, இரண்டு ஜோடிப் புறா வளர்க்க ஆசைப்படுபவர்கள் உண்டு. ஊரில் கொல்லை இருந்தது. கோழி தானே மேய்ந்து தானே அடைந்தது. இங்கே மாடிதான் கொல்லை என்பதால் வளர்ப்பு முறையும் மாற வேண்டும்.

அடுக்குமாடி வீடானால் குடியிருப்புச் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே கூண்டு வாங்கவும். முட்டைக்காக வளர்ப்பவர்களுக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். விடியற்காலைக் கூவலால் வரும் சண்டையும் மிச்சம்.

கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடியாவது இடம் வேண்டும். கால்பைசாகிக் காற்று கூரையைத் தூக்கிவிடும். கூண்டைச் சுவரோடு கட்டி வையுங்கள். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். மழைக்காலத்தில் மாதத் தீவனத்தை மொத்தமாக வாங்க வேண்டாம். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் அது போகாது.

சால்ட் லேக் கொசுவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோழி அம்மையைப் பரப்புவதும் கொசுதான். மாலையில் கூண்டின் மேல் கொசுவலை போடுங்கள். தண்ணீர்த் தட்டைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். மறந்தால் டெங்குக் கொசு அதிலேயே முட்டையிடும். அந்த நோய் கோழிக்கல்ல, குழந்தைகளுக்கு.

வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் மருந்தில்லை. தடுப்பு மருந்து ஒன்றே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி. ஒரு குப்பி நூறு கோழிகளுக்கும் மேல் வரும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வது சிக்கனம். பெல்காச்சியாவில் கால்நடைப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருப்பது நமக்கு வசதி.

புறா வளர்ப்பு கல்கத்தா பாபுக்களின் பழைய பொழுதுபோக்கு. விசிறிவால் புறாவான 'லக்கா பாய்ரா' வங்காளிகள் வாயில் பகட்டுக்காரனுக்கும் பெயராகிவிட்டது! காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் புறா வாங்கினால் முப்பது நாள் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். கோழியையும் புறாவையும் ஒரே கூண்டில் அடைக்க வேண்டாம். ஒன்றின் நோய் மற்றதைத் தொற்றும். அங்கே கிளியோ முனியாவோ விற்றால் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அவற்றை வளர்ப்பது குற்றம்.

காய்ந்த புறா எச்சத்தின் தூசி சிலருக்கு நாளடைவில் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தண்ணீர் தெளித்துப் பிறகு வழியுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் புறாவே வேண்டாம் என்பது என் கருத்து.

2008 ஜனவரியில் பீர்பூம் பக்கம் தொடங்கிய பறவைக் காய்ச்சல் பல மாவட்டங்களுக்குப் பரவி, லட்சக்கணக்கான கோழிகளை அழிக்க நேர்ந்தது. வளர்த்த பாசத்தில் சிலர் கோழிகளை ஒளித்து வைத்தார்கள். அதனால் ஆபத்து கூடியதே தவிரக் குறையவில்லை. ஓரிரு நாளில் பல பறவைகள் சேர்ந்து செத்தால் அறுத்துச் சமைக்கவோ கேஷ்டோபூர் கால்வாயில் வீசவோ கூடாது. வெறுங்கையால் தொடாமல், குழந்தைகளை விலக்கி, மாநிலக் கால்நடைத் துறைக்கு அன்றே தெரிவியுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை மிச்சப் பறவைகளை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.