திரையில் ஒரு பெண் பார்க்கும் படலம் – ஜும்ஆ பயான்

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பம் செய்கிறேன்.



2018ஆம் ஆண்டு கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’ என்றொரு நிகழ்ச்சி வந்தது. நடிகர் ஆர்யாவுக்குப் பெண் தேடுகிறோம் என்றார்கள். 16 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டு, ஏப்ரலில் கடைசி நாளன்று மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இருவரின் மனம் புண்படும் என்று சொல்லி, அவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய உள்ளத்தை அல்லாஹ் அறிவான். அந்தப் பெண்களைப் பற்றி ஊர் உலகம் பேசிய பேச்சுக்குத்தான் நாம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெட்டி ஒட்டும் வேலை

அமெரிக்காவில் 2002இல் ‘தி பேச்சிலர்’ தொடங்கியதிலிருந்து இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு ஒரே அச்சுத்தான். நாள் முழுக்கப் படம் பிடிப்பார்கள். ஒரு மணி நேரம்கூடக் காட்ட மாட்டார்கள். தனி அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் போடுவார்கள். காலையில் ஒருத்தி முகம் சுளித்ததை, மாலையில் இன்னொருத்தி பேசியதோடு ஒட்டவும் முடியும். இப்படி ஒருத்தி சண்டைக்காரி ஆகிறாள், ஒருத்தி அழுமூஞ்சி ஆகிறாள், ஒருத்தி நடிப்புக்காரி ஆகிறாள். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நாம் அதை நம்பி, “இவ சரியில்ல” என்று ஃபத்வா கொடுத்துவிடுகிறோம்!

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி அல்லாஹ் ஹுஜுராத் சூராவில் கட்டளையிடுகிறான் (49:6). அதே சூராவில் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் தடுக்கும்போது, பெண்கள் பெண்களைப் பரிகாசம் செய்யக் கூடாது என்று தனியாகவே எடுத்துச் சொல்கிறான் (49:11). நமக்கு அறிமுகமே இல்லாத பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

ஜைனப் (ரலி) அவர்களின் நாவு

இந்த நிகழ்ச்சிகளின் மூலதனமே, ஒரு பெண்ணைப் பற்றி இன்னொரு பெண்ணைக் குறை சொல்ல வைப்பதுதான். ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பிய சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மாதம் மதீனாவில் அந்தப் பேச்சு ஓடியது. அப்போது நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம் ஆயிஷாவைப் பற்றி விசாரித்தார்கள். நபியவர்களிடத்தில் அந்தஸ்தில் தமக்கு நிகராகப் போட்டியிட்டவர் ஜைனப்தான் என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஜைனபின் உடன்பிறந்த சகோதரி ஹம்னாவும் அந்த அவதூறைப் பேசியவர்களில் ஒருவர். ஒரு வார்த்தை போதும், போட்டி தீர்ந்துவிடும். ஆனால் ஜைனப் (ரலி) அவர்கள், கேட்காததைக் கேட்டதாகவும் காணாததைக் கண்டதாகவும் சொல்லாமல் என் காதையும் கண்ணையும் காத்துக்கொள்கிறேன், ஆயிஷாவிடம் நல்லதைத் தவிர நான் வேறெதையும் அறியேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி.

யார் தேர்ந்தெடுப்பது?

திரையில் ஆண் தேர்ந்தெடுக்கிறான், பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். மார்க்கத்தில் அப்படி இல்லை. தந்தை தமக்கு விருப்பமில்லாமல் முடித்து வைத்த நிக்காஹைப் பற்றி கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை ரத்துச் செய்தார்கள். விடுதலை பெற்ற பரீரா (ரலி), கணவர் முகீஸை விட்டுப் பிரிந்தார். அவர் மதீனாவின் தெருக்களில் அழுதுகொண்டே பின்னால் திரிந்தார். நபியவர்களே பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, சிபாரிசுதான் என்றதும் மறுத்துவிட்டார். அல்லாஹ்வின் தூதருடைய சிபாரிசையே ஒரு பெண் மறுக்க முடிந்தது; அதற்காக யாரும் அவரைத் திட்டவில்லை.

நம் வீட்டுக் கூடம்

டி.வி.யைத் திட்டிவிட்டு எழுந்து போவது எளிது. நம் அன்னவாசலில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு வீட்டில் குமர் இருந்தால் ஏழெட்டுப் பேர் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, வெளியே வந்து “கலர் கொஞ்சம் கம்மி” என்கிறோம். போட்டோவை வாங்கி வாட்ஸ்அப்பில் சொந்தபந்தங்களுக்கெல்லாம் சுற்ற விடுகிறோம். எத்தனை பவுன் என்று கேட்டுவிட்டு, சரிவரவில்லை என்றால் பதில்கூடச் சொல்லாமல் இருந்துவிடுகிறோம். கேமரா ஒன்றுதான் இல்லை. அந்தப் பிள்ளை அடுப்படியில் அழுவது யாருக்கும் தெரிவதில்லை, அல்லாஹ்வுக்குத் தெரியும்.

எனவே மூன்று காரியங்கள் செய்வோம். பெண்களை இழிவாகக் காட்டும் துண்டு வீடியோ போனுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுவோம். பெண் பார்க்கப் போனால் ஒன்றிரண்டு பேரோடு போய், அங்கே கண்ட குறையை அங்கேயே புதைத்துவிட்டு, சம்மதமோ இல்லையோ சீக்கிரம் கண்ணியமாகச் சொல்லி அனுப்புவோம். நம் மகளிடம், “உனக்குச் சம்மதமாம்மா?” என்று வாய்திறந்து கேட்டு, அவள் வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் கண்களையும் காதுகளையும் நாவுகளையும் பாதுகாப்பாயாக. எங்கள் வீட்டுக் குமர்களுக்குக் கண்ணியமான வாழ்க்கையைத் தருவாயாக. ஆமீன்.