சுற்றுலாத்துறை: வெனிஸ் நகரமும் உல்லாசப் பயணக் கப்பல்களும்

மாணவர்களே, சுற்றுலாத்துறையின் விளைவுகள் பற்றிய வினாவுக்குப் பலர் "வருமானம் கிடைக்கும், சூழல் மாசடையும்" என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். உதாரணம் இல்லாத விடை வலுவற்றது. இதனை வாசியுங்கள்.

ஒரு தம்பதியினர் மத்தியதரைக் கடற் பயணத்துக்காக இத்தாலியின் வெனிஸ் நகருக்கு வருகின்றனர் எனக் கொள்வோம். இரண்டு நாட்கள் தங்கி, புனித மாற்கு சதுக்கத்தையும் 1591இல் கட்டி முடிக்கப்பட்ட றியால்ட்டோ பாலத்தையும் பார்க்கின்றனர். விடுதி, உணவகம், படகோட்டி எல்லோருக்கும் அவர்களது பணம் சேர்கிறது. பயணம் தொடங்கும் துறைமுகத்தின் நன்மை இதுவே. கப்பல் சில மணிநேரம் மட்டும் தரிக்கும் துறைமுகத்தில் பயணிகள் கப்பலிலேயே உண்டு உறங்குவர், செலவு குறைவு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெனிஸ், ஆழங்குறைந்த கடனீரேரியில் மரத்தூண்கள் மீது எழுந்த நகரம். முன்னர் பெருங்கப்பல்கள் நகரை ஒட்டிய கியூதெக்கா கால்வாயினூடாகவே சென்றன. அவை எழுப்பும் நீரசைவு அத்திவாரங்களைப் பாதிக்கும் என மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்தனர். 2019 யூன் 2இல் ஒரு கப்பல் கட்டுப்பாட்டை இழந்து துறைமேடையிலும் சுற்றுலாப் படகிலும் மோதியது. 2021 ஓகஸ்ட் 1 முதல் 25,000 மொத்தத் தொன்னளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அவ்வழி தடைசெய்யப்பட்டது. (இது கப்பலின் நிறையன்று, உட்கனவளவைக் குறிக்கும் அளவு.) ஆகவே நமது தம்பதியினர் பேருந்தில் மார்கேராவுக்கோ திரியெஸ்தேக்கோ சென்று கப்பலேற நேரலாம்.

இன்னொரு விளைவைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. 1951இல் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்த பழைய நகரில் 2022இல் 50,000 பேர்கூட இல்லை. வீடுகள் பயணிகள் விடுதிகளாக மாறியமை இதற்கு ஒரு காரணம்.

பயிற்சி: கப்பல் தடையால் வெனிஸில் நன்மை அடைந்தோர், வருமானம் இழந்தோர் எவரெனக் காரணத்துடன் எழுதுக.