கடிதமும் வார்ப்பச்சும்

கடிதத் தலைப்பு கம்பெனியின் முகமாகும். அதனை ஒருமுறை அமைத்துப் பன்முறை வழங்குமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

சென்ற விடுமுறையில் ஓர் அலுவலகத்திற் பணிபுரிந்தேம். ஒருவர்க்கு எழுதிய கடிதத்தைத் திறந்து, சொற்களை மாற்றி, அப்பெயரிலேயே சேமித்தேம். முன்னவர் தரவேண்டிய தொகை மாற்றப்படாது பின்னவர்க்குச் சென்றது. முன்னைக் கடிதமோ அழிந்தது. பிழை எம்முடையதே.

இதற்கு மருந்து யாது? மைக்ரோசாப்ட் வேர்டில் 'டெம்ப்ளேட்' எனப்படும் வார்ப்பச்சாம். ஏ4 தாளைத் (210 × 297 மி.மீ.) தெரிந்துகொண்டு, தாளின் மேற்பகுதியாகிய 'ஹெட்டரைத்' திறக்க. 'டிஃபரண்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' என்பதை முதலிற் குறித்துப் பின் தலைப்பினை அங்கு எழுதின், அது முதற் பக்கத்தளவில் நிற்கும். கடிதத்தின் உடலில் எழுதினோ, தட்டெழுதுங்கால் இடம்பெயரும்.

இந்தியக் கம்பெனியாயின், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெயர், பதிவலுவலக முகவரி, 21 எழுத்தும் இலக்கமுமான அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல் முதலியன கடிதத்தில் இடம்பெறல் வேண்டும்.

இறுதியில் 'வேர்ட் டெம்ப்ளேட்' என்னும் வகையிற் சேமிக்க. அதனை இருமுறை சொடுக்கின் மூலம் திறவாது. பெயரிடப்படாத புதுப்படியே திறக்கும். பழைய கடிதம் பழுதின்றி இருக்கும்.

அச்சு ஒன்று, வார்ப்புப் பல. அச்சினைக் காப்பவர்க்குக் கடிதமும் காப்பாம்.