சீவகன் என்னும் பெயர்

நம் இல்லங்களில் ஆண் மகவுக்கு இடப்பெறும் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றுட் பல ஆதிநாதன், சாந்திநாதன், நேமிநாதன், பார்சுவநாதன் என்றாற்போலத் தீர்த்தங்கரர் திருப்பெயர்களாகவே இருக்கக் காணலாம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றின் தலைவனாகிய சீவகனின் பெயரோ அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வழங்குகிறது. நூலின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். நூல்தலைவனின் பெயரைத் தாங்கிய பிள்ளைகளோ மிகச் சிலர். இப்பெயர் எவ்வாறு தோன்றியது, எவ்வழியே பரவியது, ஏன் அரிதாயிற்று என்பவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம். பெற்றோர் இதனைத் தாம் படித்தபின் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுதல் நலம்.

சொல்லின் பொருள்

'ஜீவ்' என்னும் வடமொழி வேர்ச்சொல்லுக்கு 'வாழ்தல்' என்பது பொருள். அதினின்று பிறந்ததே 'ஜீவன்'. நம் அறநூல்கள் கூறும் தத்துவங்கள் ஏழனுள் முதலில் நிற்பது ஜீவ தத்துவம் ஆகும். எனவே ஜீவகன் என்பதற்கு 'வாழ்பவன்' என்றும், 'வாழ்விப்பவன்' என்றும் பொருள் கொள்ளலாம். இத்தலைவனையே வடமொழி நூல்கள் 'ஜீவந்தரன்', அதாவது உயிரைத் தாங்குபவன், என்று அழைக்கின்றன. குணபத்திரர் 9ஆம் நூற்றாண்டில் இயற்றிய உத்தரபுராணத்திலும், வாதீபசிம்மர் இயற்றிய சத்திரசூடாமணி, கத்தியசிந்தாமணி ஆகிய நூல்களிலும் இவன் வரலாறு உள்ளது. தமிழில் அதனை 3,145 பாடல்களில், 13 இலம்பகங்களில் பாடியவர் திருத்தக்கதேவர்.

எழுத்து மாற்றம்

ஜீவகனா, சீவகனா, எவ்வாறு எழுதுவது எனப் பலர் வினவுவர். இரண்டும் ஒரே பெயரே. வடமொழி எழுத்துகள் தமிழில் வருங்கால் எவ்வாறு திரியும் என்பதனை நம் சமயச் சான்றோராகிய பவணந்தி முனிவர் நன்னூலில் விதித்துள்ளார். அதன்படி 'ஜ' என்பது சொல்லின் முதலில் 'ச' ஆகும். இடையில் 'ச' எனவோ 'ய' எனவோ வரும். ஆதலின் ஜீவகன் சீவகன் ஆனான். அவன் தாய் விஜயை விசயை ஆனாள். பங்கஜம் பங்கயம் ஆயிற்று. எவ்வடிவைத் தேர்ந்தாலும், பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒரே வடிவைக் கையாளுதல் வேண்டும். பள்ளியில் ஒன்றும் பிற ஆவணங்களில் மற்றொன்றுமாக எழுதிவிட்டு, தேர்வு விண்ணப்பம் அனுப்புங்கால் இடர்ப்படும் பிள்ளைகள் பலரை ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன்.

பெயர் பிறந்த இடம்

ஏமாங்கத நாட்டின் தலைநகர் இராசமாபுரம். அதனை ஆண்ட சச்சந்தன் தன் தேவி விசயையின்பால் கொண்ட பேரன்பினால் ஆட்சிப் பொறுப்பை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். அமைச்சன் வஞ்சகனாகி அரண்மனையை வளைத்தான். கருவுற்றிருந்த தேவியை மயில் வடிவாகச் செய்த பொறியில் ஏற்றி வானில் அனுப்பிவிட்டுச் சச்சந்தன் போரில் வீழ்ந்தான். மயிற்பொறி நகர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்கிற்று. அங்கே, சுற்றத்தார் எவரும் இன்றி, தேவி ஓர் ஆண் மகவை ஈன்றாள்.

அவ்வேளையில் கந்துக்கடன் என்னும் வணிகன், இறந்த தன் குழந்தையை அடக்கம் செய்ய அங்கு வந்தான். தேவி மறைந்து நின்றாள். அநாதையாய்க் கிடந்த மகவை அவன் கையில் எடுத்தபோது அது தும்மிற்று. உடனே மறைவிலிருந்து 'சீவ' என ஒரு வாழ்த்தொலி எழுந்தது. 'வாழ்க' என்பது அதன் பொருள். அவ்வொலியையே கந்துக்கடன் குழந்தைக்குப் பெயராக்கினான்.

இங்கே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். இப்பெயர் நாளும் கோளும் பார்த்து இடப்பெற்றதன்று; பிணங்கள் எரியும் இடத்தில், தந்தையை இழந்த ஒரு குழந்தையின் தும்மலுக்குக் கிடைத்த வாழ்த்து அது. இன்றும் குழந்தை தும்மினால் நம் மூதாட்டியர் 'நூறாயுசு' என வாழ்த்துவதைக் கேட்கிறோம். அவ்வழக்கின் தொன்மைக்கு இக்காப்பியமே சான்று.

இராசகிருகத்து மருத்துவன்

இதே பெயரைக் கொண்ட வேறொருவனும் பழைய இந்திய வரலாற்றில் உளன். அவன் புத்தர் காலத்தில் இராசகிருகத்தில் வாழ்ந்து, பிம்பிசார மன்னனுக்கும் புத்தருக்கும் மருத்துவம் செய்த ஜீவகன். பிறந்தவுடன் குப்பைமேட்டில் எறியப்பட்ட அவனை அபயன் என்னும் அரசகுமாரன் கண்டு, 'உயிரோடு இருக்கிறதா?' என வினவினான். 'வாழ்கிறது' என்றனர் உடன் வந்தோர். அச்சொல்லே பெயராயிற்று என்று பௌத்தர்களின் விநய நூல் கூறுகிறது. இராசகிருகத்துக்கு யாத்திரை செல்வோர், அவன் புத்தருக்கு அளித்த மாந்தோப்பு இருந்த இடத்தின் அடித்தளக் கற்களை இன்றும் காணலாம்.

ஒருவன் சுடுகாட்டில் பிறந்தவன். மற்றவன் குப்பைமேட்டில் கிடந்தவன். இருவரும் சாவின் வாயிலில் பிறர் கையால் மீட்கப்பட்டவர்கள். இருவருக்கும் ஒரே பெயர் வாய்த்ததன் காரணம் இப்போது விளங்கும். பிழைத்த பிள்ளைக்கு இட்ட பெயர் இது.

ஒலியால் மயங்கத்தக்க சொற்கள்

'சாவகன்' என்பது வேறு சொல். அது 'சிராவகன்' என்பதன் திரிபு. இல்லறத்தில் நின்று விரதம் காப்பவனைக் குறிக்கும். சிலப்பதிகாரம் சாவக நோன்பிகளைக் குறிப்பிடுகிறது. மணிமேகலை கூறும் 'சாவக நாடு' கடல் கடந்த தீவு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 'ஆசீவகம்' என்னும் பழஞ்சமயத்தின் பெயர், வாழ்வுமுறை எனப் பொருள்படும் 'ஆஜீவ' என்னும் சொல்லினின்று வந்தது. வேர் ஒன்றாயினும் பொருள் வேறு.

பெயர் பரவிய வரலாறு

பல நூற்றாண்டுகளாக இக்காப்பியத்தை ஓலைச்சுவடியில் காத்து, இல்லங்களில் முறையாக ஓதி வந்தவர்கள் நம் முன்னோர். ஏனையோரிடையே அது பெரும்பாலும் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. 1868இல் போவர் என்னும் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டார். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, உ. வே. சாமிநாத ஐயர் முழுநூலையும் ஆராயத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் சமயக் கருத்துகளை அவர் ஜைன அன்பர்களை அணுகியே தெளிந்துகொண்டார். 1887இல் நூல் உரையுடன் அச்சேறியது.

அச்சேறியபின் இப்பெயர் கல்லூரிகளிலும் பாடநூல்களிலும் புகுந்தது. 1891இல் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்தில் பாண்டிய மன்னன் பெயர் ஜீவகன் என்றே வருகிறது. அம்மன்னனும் குடிலன் என்னும் வஞ்ச அமைச்சனை நம்பி அல்லலுற்றவன். நம் காப்பியத்துச் சச்சந்தனை நினைவூட்டும் நிலை அது.

ஏன் அரிதாயிற்று?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு என்பது என் கருத்து. முதலாவது, சீவகன் தீர்த்தங்கரன் அல்லன். திருக்கோயிலில் நாள்தோறும் ஒலிக்கும் பெயர்களே இல்லத்துக்கும் எளிதில் வந்து சேரும். இரண்டாவது, இந்நூலுக்கு 'மணநூல்' என்றொரு பெயர் உண்டு. எண்மரை மணந்தவன் என்பதையே பலர் நினைவிற் கொண்டு, இறுதியிலுள்ள முத்தி இலம்பகத்தை மறந்தனர். ஆண் குரங்கு தன் துணைக்கு அளித்த பலாப்பழத்தைத் தோட்டக்காவலன் பறித்துக்கொண்ட காட்சியைக் கண்டு, செல்வத்தின் நிலையாமையை உணர்ந்து, அரசைத் துறந்து முத்தி எய்தியவன் அவன். இறக்கும் நிலையிலிருந்த நாய்க்குப் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் செவியில் ஓதியவனும் அவனே. அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து பின்னர் அவனுக்குத் துணை நின்றது. 'வாழ்க' என்ற வாழ்த்தைப் பெற்றவன் அதனை மற்றோர் உயிருக்கு வழங்கினான் என்பதே அப்பெயரின் நிறைவு.

சீவகன் இட்ட பெயர்கள்

இப்பாடத்தின் இன்றியமையாத பகுதி இதுவே. சீவகன் அரியணை ஏறியபின் அவனுக்கு மக்கள் பிறந்தனர். காந்தருவதத்தையின் மகனுக்குச் சச்சந்தன் என்று பெயர். தான் முகங்கூடக் கண்டிராத தந்தையின் பெயர் அது. ஏனைய மக்களுள் ஒருவன் கந்துக்கடன். சுடுகாட்டில் தன்னை எடுத்து வளர்த்த வணிகனின் பெயர். ஒருவன் கோவிந்தன், அரசை மீட்க உதவிய மாமனின் பெயர். ஒருவன் சுதஞ்சணன்; முற்பிறப்பில் நாயாக இருந்த நண்பனின் பெயர். அரசகுமாரர்களுக்கு வணிகன் பெயரும், முன்பு விலங்காய் இருந்த ஓருயிரின் பெயரும் சூட்டப்பட்டன என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். நன்றி மறவாமையைப் பெயர்களில் எழுதி வைத்தவன் சீவகன்.

இன்று எண்கணிதம் பார்த்தும், பொருள் இல்லாத ஓசைகளை அடுக்கியும் பெயரிடும் வழக்கம் மிகுந்துள்ளது. புதிய பெயர் இடுதல் குற்றமன்று. ஆயினும், 'என் பெயருக்கு என்ன பொருள்? ஏன் இட்டீர்கள்?' என்று ஒரு பிள்ளை வினவும்போது, சொல்வதற்கு ஒரு விடை பெற்றோரிடம் இருத்தல் வேண்டும். பாட்டன் பாட்டியர் பெயர்கள் ஒரு தலைமுறைக்குள் வழக்கொழிந்தால், அவற்றோடு அவை இடப்பட்ட காரணமும் மறைந்துபோம். அதனை மீட்டுத் தர எந்தச் சுவடியும் இராது.

இல்லப் பயிற்சி

1. சீவகன் என்னும் பெயர் எந்த ஒலியினின்று பிறந்தது? அதன் பொருள் யாது?
2. சீவகன், சாவகன் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை எழுதுக.
3. சீவகன் தன் மக்களுக்கு இட்ட பெயர்களுள் நான்கனையும் அவற்றின் காரணத்தையும் கூறுக.
4. உங்கள் பாட்டன், பாட்டி, அவர்தம் பெற்றோர் ஆகியோர் பெயர்களைக் கேட்டு, அவை இடப்பட்ட காரணத்துடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. இப்பயிற்சியை இவ்வாரமே செய்க. விடை சொல்லவல்ல பெரியோர் இல்லத்தில் இருக்கும்போதே செய்க.